ஆச்சியின் புறவாசல்

பொங்கலுக்கு முந்தின வாரம் பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டு விளக்குவது எங்கள் வீட்டில் இன்னும் நிற்கவில்லை. புழங்குவதெல்லாம் எவர்சில்வர்தான். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அவற்றுக்கு வெயில் காட்டிவிட வேண்டும். இந்த முறை மருமகள் ஒரு சருவப்பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல வேற யார் பேரோ வெட்டியிருக்கே?"

கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். புளித்தண்ணீர் ஓடிப் பச்சைக் களிம்பு கரையக் கரைய ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. புளியும் பித்தளையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. பானையில் இருந்த பெயரை இங்கே எழுத வேண்டாம். அந்தப் பெயர்க்காரரின் பேரன்கள் இப்போதும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

அது மீட்கப்படாத பானை. எங்கள் ஆச்சி பாத்திரம் பிடித்துக்கொண்டு பணம் கொடுத்தவள்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச காலம் கூச்சமாக இருந்தது. மேலநீலிதநல்லூர் போன்ற ஊரில் பிறந்து எழுத வந்தவர்கள் எல்லோரும் கடன் வாங்கிய வீட்டுப் பிள்ளைகளாகவே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். நான் கடன் கொடுத்த வீட்டுப் பிள்ளை. அதற்காக நாங்கள் பணக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தாத்தா போன பிறகு, பருத்தி விற்ற காசில் கொஞ்சம் ஆச்சியின் சுருக்குப்பையில் தங்கியது. அதை அவள் சுற்றில் விட்டாள். அவ்வளவுதான்.

பாத்திரம் வருவது எப்போதும் விளக்கு வைத்த பிறகு, புறவாசல் வழியாக. நார்ப்பெட்டியில் வைத்து, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிக் கொண்டுவருவார்கள். வந்ததும் யாரும் பணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், மாடு சினைபிடித்ததைப் பற்றிப் பேசுவார்கள், யார் வீட்டிலோ பிள்ளை பிறந்ததைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்திருக்கப் போகும்போதுதான், "ஆச்சி, இத ஒரு ஓரமா வச்சிருங்க. தைக்கு எடுத்துக்கிடுதேன்" என்பார்கள். அடகு என்ற சொல்லை எங்கள் புறவாசலில் நான் கேட்டதே இல்லை.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பானையின் கழுத்தில் பழஞ்சேலைக் கிழிசலால் ஒரு முடிச்சுப் போடுவாள். உள்வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு இழுப்பாள். நெட்டைக் கோடு பத்து ரூபாய், குட்டைக் கோடு ஐந்து. எந்தக் கோடு யாருடையது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வட்டி ரெண்டு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பானைகளை அடுக்கும்போது பெயர் வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். ஒருநாள் விளையாட்டாக அதைத் திருப்பி வைத்ததற்கு என் முதுகில் விழுந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "வாரவ போறவ வாசிச்சிட்டுப் போகவா?" என்று கேட்டாள். நான்கைந்து பானைகளைப் பிடித்து வைத்துக்கொண்டவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எவருடைய பணமுடையையும் ஊருக்குச் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் கரிசல் மண், மானாவாரி. ஆற்றுப் பாசனம் கிடையாது, வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் விழும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் புரட்டாசி கடைசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் சோளமும் போடுவார்கள். உளுந்து மார்கழி கடைசியில் வீட்டுக்கு வரும், பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கும். அந்தச் சில மாதங்கள்தான் கையில் காசு புரளும் காலம். சித்திரையில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று செலவாகும். ஆடி பிறக்கும்போது பானை வெறும் பானைதான். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கூட்டம் அம்மும். ஊர் ஊராக நடந்தே போவார்கள். புற்றுமண் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு மேல் செலவழிக்க எவரிடமும் இருக்காது. விதைக்கும் உழவுக்கும் வேண்டிய காசுக்கு ஆவணியில் பாத்திரங்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கும்.

ஆச்சி அந்தக் கணக்கை அறிந்தவள். கார்த்திகையில் போய் ஒருவரிடம் காசு கேட்பது அவளைப் பொறுத்தவரை பைத்தியக்காரத்தனம். "பயிரு காட்டுல நிக்கி. அத அறுத்தா குடுப்பான்?" என்பாள். தை பிறப்பதற்கு முந்தின நாட்களில் புறவாசலில் கூட்டம் நிற்கும். பொங்கல் வைக்கப் பானை வேண்டுமே! முடிச்சு அவிழும், சுவரில் கோடு அழியும், போகும்போது ஆளுக்கு ஒரு மரக்கால் உளுந்து ஆச்சிக்கு வந்து சேரும். விவசாயிக்குப் பணமுடை என்பது வருஷத்தில் ஒரு பருவம். அந்தப் பருவத்தில் தெருவே ஒன்றாக முடையில் இருந்தது. அதனால் அதில் பெரிய வெட்கம் இல்லை. இருந்த கொஞ்ச வெட்கத்தையும் இருட்டும் பழஞ்சேலையும் மூடிவிட்டன.

அப்பாவின் முடை வேறு ஜாதி. அவர் வாத்தியார். அவருக்கு அது மாதாமாதம் இருபதாம் தேதிக்கு மேல் வரும், ஒன்றாம் தேதி போய்விடும். முடை வந்துவிட்டதை அவர் நடக்கிற தெருவை வைத்தே கண்டுபிடிக்கலாம். மளிகைக் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டுக் குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போவார். வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் மட்டும் மாறாது. கடைக்கு என்னைத்தான் அனுப்புவார். பற்று நோட்டின் பழுப்பு அட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். கடைக்காரர் எழுதும்போது பென்சிலை நாக்கில் தொட்டுக்கொள்வார். "சார்வாளுக்கு என்ன, ஒண்ணாந்தேதி வந்தா சுளையா வந்துரும்" என்பார். கேட்டால் மரியாதை மாதிரித்தான் இருக்கும். வீட்டில் வந்து சொன்னால் அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். புறவாசலுக்கு வந்த ஜனங்களில் யாரும் அப்படி வதங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை அப்பா ஆச்சியிடமே கேட்டுவிட்டார். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டு, "மவனுக்குக் குடுத்தா அது கடன் இல்லலே, செலவு" என்றாள். கடைசியில் அப்பா தன் எச்.எம்.டி. வாட்ச்சைக் கழற்றி வைத்த பிறகுதான் சுருக்குப்பை அவிழ்ந்தது. அந்த மாதம் முழுக்க அவர் மணி பார்ப்பதற்காக வெறும் மணிக்கட்டைத் திருப்புவதும் பிறகு கையைக் கீழே போடுவதுமாக இருந்தார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. ஜூலை 1-ஆம் தேதி இந்திரா காந்தி அறிவித்த இருபது அம்சத் திட்டத்தில் கிராமத்துக் கடனும் ஓர் அம்சம். நிலமில்லாதவர்கள், சிறு விவசாயிகள், கைவினைஞர்கள் ஆகியோரிடம் கடன் வசூலிப்பதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது, "அடகு பிடிச்சவங்களப் பூராம் ஜெயில்ல போடுதாங்க" என்று ஆகியிருந்தது. ஆச்சி இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் என்னை விட்டு வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள், வந்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம் என்று.

சிலர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் பாத்திரம் எடுக்க வரவே இல்லை. அதில் ஒரு பெண் மட்டும் இருட்டிய பிறகு வந்து, வழக்கமாக உட்காரும் அதே அம்மிப் பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சியிடம் சண்டை பிடித்தாள். "காசு குடுக்காமத் தூக்கிட்டுப் போயிட்டா, வார ஆவணிக்கு நான் எங்க போய் நிப்பேன், ஆச்சி? சர்க்காரா விதைக்குக் குடுக்கப் போகுது?" அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கடன் போனால் சந்தோஷப்படாமல் இவள் எதற்கு அழுகிறாள் என்று இருந்தது. கேட்க ஒரு வாசல் இருக்கிறவரை காசு இல்லாததை அவள் முடை என்றே நினைக்கவில்லை. அந்த வாசல் அடைபடுவதுதான் அவளுக்கு முடை. பரணில் இருக்கும் சருவப்பானையின் சொந்தக்காரரும் அந்தச் சமயத்தில் வராதவர்களில் ஒருவர். பிறகும் வரவில்லை. ஆச்சி சாகும்வரை அந்தப் பானையில் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 'கதவு' என்றொரு கதை எழுதியிருக்கிறார். தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற கதை. கல்லூரியில் படிக்கும்போது அதை வாசித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடைக்கக் கதவு இருந்த வீட்டுக்காரர்கள்தான் எங்கள் புறவாசலுக்கு வந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கும் கீழே இருந்தவர்களிடம் கொண்டுவர ஒரு பித்தளைச் செம்புகூட இருந்திருக்காது. அவர்களுடைய முடை எங்கள் சுவரில் ஒரு கோடாகக்கூட விழவில்லை.

படித்தது எங்கள் ஊரிலேயே உள்ள பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரியில். சுற்றுப்பட்டி ஊர்களில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் திருவேங்கடம் பக்கத்துப் பையன். அவன் அக்காமார் இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பரீட்சைக்குப் பணம் கட்டும் நாள் வந்தால் ஆபீஸில் முன்பணம் வாங்குவார்கள். பிறகு அதை வேலையில் கழிப்பார்கள். "எனக்குக் காசுதான் முடை, அவளுகளுக்குத் தூக்கம் முடை" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். மதியச் சாப்பாடு இல்லாததை அவன் முடையில் சேர்ப்பதில்லை. பஸ்ஸுக்கு இல்லாமல் போனால்தான் அவனுக்கு முடை.

எனக்கு இன்னொரு பக்கத்தில் இருந்தவன் சங்கரன்கோவிலில் பவர்லூம் சேலை வியாபாரி மகன். அவனும் அடிக்கடி, "வீட்ல பத்துப் பைசா இல்லடா" என்பான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவன் அப்பா அந்த வருஷம்தான் இடம் வாங்கிக் கிரயம் முடித்திருந்தார். ஆனால் ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அப்பாவைப் பார்த்தேன். தறி ஓட்டுகிறவர்கள் வாரக்கூலிக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்க் கடையிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. அவர் உள்ளறையில் பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் நண்பனின் அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை மடியில் கட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனார். அப்புறம் நான் அவனைக் கிண்டல் செய்யவில்லை. என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு வளையல் இருந்தது. திண்ணையில் இருந்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை கூலி மட்டும்தான் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய காலமும் ஒன்று வந்தது. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அது விதைப்பு முடிந்து மழைக்குக் காத்திருந்த சமயம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையும் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. பாங்கு வாசலில் மாற்றிக் கொடுத்தது முதலில் 4,000, பிறகு 4,500, பிறகு 2,000. விரலில் மை வேறு. லாரி வைத்திருப்பவர், கூலிக்குக் களையெடுக்கிறவர், ரிட்டயர்டு தாசில்தார் எல்லோரும் ஒரே வெயிலில் நின்றார்கள்.

அப்போதுதான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மை இருட்டிய பிறகு புறவாசல் வழியாக வந்தாள். ஆச்சி போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வாசலின் பழக்கம் போகவில்லை போலும். மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். உருட்டி வைத்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். உளுந்துப் பானைக்குள் கிடந்து கிடந்து ஒவ்வொரு தாளிலும் வெள்ளைப் பொடி படிந்து, வசம்பு வாடை அடித்தது. பெரியப்பாவுக்குத் தெரியாமல் பல வருஷம் சேர்த்த சிறுவாடு.

"எய்யா, ஒன் கணக்குல போட்டு மாத்திக் குடுத்துரு. அந்த மனுசன் காதுல மட்டும் விழுந்துரக் கூடாது."

காசு இல்லை என்று ஊரே தவித்துக்கொண்டிருந்த நாளில், காசு இருப்பது தெரிந்துவிடுமே என்று ஒருத்தி பயந்தாள். குடிக்கிற புருஷனுக்குத் தெரிந்தால் அது தங்காது. எவருக்கும் தெரியாத அந்தப் பணத்தை நம்பித்தான், இத்தனை வருஷமும் "கையில ஒண்ணுமில்ல" என்று அவள் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பணத்தை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் புதிய இரண்டாயிரம் ரூபாய்த் தாளை அவளுக்குப் பிடிக்கவில்லை. "இத எங்க கொண்டு மாத்த, இதுக்கும் ஒன்ட்டத்தான் வரணும்" என்றாள்.

இப்போது ஊர் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. புறவாசல் இருந்த இடத்தில் பாத்ரூம் கட்டிவிட்டோம். பாத்திரம் கொண்டுவர ஆளும் இல்லை. மகளிர் உரிமைத் தொகையும் ஊரக வேலைத் திட்டச் சம்பளமும் நேராகப் பெண்கள் கணக்கில் விழுகின்றன. பட்டினி குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அந்த நாள்தான் நல்ல நாள் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். எதிர்வீட்டுத் திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழுக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. அடுப்பில் உலை இருக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நிற்கும். பாக்கி வைத்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வசூலுக்கு வரும் பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவனுக்கும் மேலே இலக்கு, பெட்ரோல் செலவு, போனில் திட்டு. ஒருநாள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தபோது, "இன்னிக்கி இது வரலன்னா என் சம்பளத்துல பிடிப்பாங்க, சார்" என்றான். திண்ணையில் இருப்பவர்களுக்கும் முடை, எதிரே நிற்பவனுக்கும் முடை. பட்டப்பகல், நடுத்தெரு. பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க அங்கே யாரும் இல்லை.

கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, மக்கள் குறைதீர்க்கும் நாளன்று, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. இரண்டு குழந்தைகளும் அதில் போயினர். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வட்டி எவ்வளவு என்பதை அளக்கச் சட்டம் இருக்கிறது. திருப்பிக் கட்டுகிற நாள் எது என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமைக்கு ஆடி என்றும் தை என்றும் தெரியாது. பயிர் காட்டில் நிற்கும்போதும் அது வந்து நிற்கிறது. அந்த வாரத்தைக் கட்ட இன்னொரு குழு, அதைக் கட்ட இன்னொன்று என்று போகிறது.

கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனில் அறுவடையை வைத்துத்தான் தவணை. உரிய நாளில் கட்டினால் வட்டியும் இல்லை. ஆனால் அதற்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலரிடம் அது கிடையாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளில், தவணை எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைக் கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் இது யாருக்கும் தெரியாது. உங்கள் தெருவிலும் அநேகமாகத் தெரிந்திருக்காது. படித்த பிள்ளைகள் யாராவது இருந்தால், அடுத்த தடவை குழுவில் கையெழுத்துப் போடும்போது கூடவே போய் நின்று, வாரத் தவணை வேண்டாம், வெள்ளாமை வீட்டுக்கு வரும் மாதத்தில் தவணை வைத்துக் கொடுங்கள் என்று உங்கள் அம்மாவுக்காகக் கேளுங்கள்.